சாந்தியின் ஹெலிகாப்டரும் நான் வாங்கிய தாம்பூலமும்

செஞ்சி,
வியாழக்கிழமை.

மேல்மலையனூரில் பூஜை சாமான் கடை நடத்திவரும் என் பெருமதிப்புக்குரிய மைத்துனர் வெற்றிவேல் அவர்களுக்கு, செஞ்சி கடைவீதி பாத்திரக்கடை சொக்கலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கை ஜெயஸ்ரீயும் தாங்களும் அங்காளம்மன் அருளால் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் இருவரும் நலம். அதாவது நான் தரையிலும், உங்கள் தங்கை சாந்தி சுமார் ஆயிரம் அடி உயரத்திலும் நலமாக இருக்கிறோம்.

செல்போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். மச்சான், நீங்கள் யார் பேசினாலும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கற்பூரம் நிறுக்கிற பழக்கம் உள்ளவர். போன தடவை என் மூலத்தைப் பற்றிப் பேசியதை உங்கள் கடையில் தேங்காய் வாங்க வந்தவர்களெல்லாம் கேட்டு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். இப்போது எழுதப்போவது அதைவிடப் பெரிய விஷயம். படித்துவிட்டுக் கிழித்துவிடவும்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு உடம்புக்கு வரவேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். அதற்கு முன் சாந்தி இந்த ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். கௌரவமான ஒரு காரணத்தோடு கிளம்ப வேண்டும். நெஞ்சு வலி என்று சொல்ல வேண்டாம், வாய் வைத்துச் சொன்னால் பலித்துத் தொலைக்கும், எனக்கு இருப்பது ஒரே மைத்துனர். இடுப்புப் பிடிப்பு போதும். குனிய முடியவில்லை, கல்லாவில் உட்கார ஆள் இல்லை, தங்கச்சி வந்து நாலு நாள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு போன் செய்யுங்கள். திங்கட்கிழமை அமாவாசை, உங்களுக்குக் கூட்டம் அலைமோதும் என்பது தெரியும். உங்கள் பிழைப்பைக் கெடுக்க நான் நினைக்கவில்லை. அமாவாசை வியாபாரத்தை நல்லபடியாக முடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலையில் பிடித்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இனி காரணம். எங்கள் பையன் தருண் சிங்கப்பூர் வேலைக்குப் போகும்போது அவனுடைய கம்ப்யூட்டரையும் அதோடு சேர்ந்த சில சாமான்களையும் மாடி அறையில் வைத்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். அது ஹெலிகாப்டர் ஓட்டும் ஏற்பாடு. சிமுலேட்டர் என்கிறார்கள். ஒரு நாற்காலி, இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு பிடி, இடது கைப்பக்கம் தூக்கி இறக்குகிற ஒரு லீவர், காலுக்கடியில் இரண்டு பெடல், எதிரே நம் கடை ஷட்டர் அகலத்துக்கு ஒரு திரை. தூசு தட்டுகிறேன் என்று மேலே போனவள்தான் சாந்தி. போன தீபாவளிக்கு முன்னால் போனாள், இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. ஏதோ பிள்ளைகள் ஆடும் கார் ரேஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இதை ஸ்டார்ட் செய்யவே ஒரு படி அரிசி களையும் நேரம் ஆகிறது. பேட்டரி, பெட்ரோல் பம்பு, என்ஜின் சூடு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். லீவரைத் தூக்கினால் மூக்கு ஒரு பக்கம் திரும்புகிறது, அதற்குப் பெடலை மிதிக்க வேண்டும், பெடலை மிதித்தால் வண்டி சாய்கிறது, அதற்குப் பிடியைத் தள்ள வேண்டும், பிடியைத் தள்ளினால் மறுபடி லீவர். அந்தரத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்தப் பழகவே பொங்கல் ஆகிவிட்டது. அதுவரை நம் வீட்டில் தினமும் இரண்டு மூன்று ஹெலிகாப்டர் விழுந்துகொண்டிருந்தது. நான் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்து, "இன்னைக்கு எப்டிம்மா?" என்றால், "ரெண்டு போச்சுங்க. ரசம் அடுப்பு மேல இருக்குது, ஊத்திக்குங்க" என்பாள்.

ஏரோப்ளேன் ஓட்டினால் இவ்வளவு சேதாரம் இல்லையே என்று ஒருநாள் பணிவாகக் கேட்டேன். "ஏரோப்ளேன் இன்னாங்க ஏரோப்ளேன், அது பஸ்ஸு மாதிரி. நேரா புடிச்சா அது பாட்டுக்குப் போயிக்கினே இருக்கும். இது அப்டி இல்ல, ஒரு நிமிசம் வேற நெனப்பு வந்துச்சுன்னா கவுந்துடும்" என்றாள். அடுப்பில் பால் இருக்கும்போது அவள் முகத்தில் ஒரு கவனம் வருமே, அதே கவனம்தான் அங்கேயும். மெட்டி பெடலில் மாட்டிக்கொள்கிறது என்று காலுறை போட்டுக்கொள்கிறாள். மெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டு என்று சொன்ன தருணை வீடியோ காலில் அவள் திட்டிய திட்டில் அவன் இரண்டு நாள் கூப்பிடவே இல்லை.

நடந்த கஷ்டங்களை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, நினைவுக்கு வருவதை எழுதுகிறேன். ஆயுத பூஜை அன்று கடைக்குப் பூஜை போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன், மாடி அறையில் சாம்பிராணிப் புகை. திரைக்குச் சந்தனம் குங்குமம், பிடிக்கு மாலை. எல்லாம் முடிந்ததும் புது வண்டிக்கு வைப்பதுபோல ஒவ்வொரு பெடலுக்கு அடியிலும் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, மாரியம்மனை வேண்டிக்கொண்டு நசுக்கிவிட்டாள். வலது பெடலுக்குள் சாறு இறங்கி அது ஒட்டிக்கொண்டது, இடது மட்டும் வேலை செய்தது. அன்றிலிருந்து அந்த ஹெலிகாப்டர் மேலே ஏறினால் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது, அதுவும் அப்பிரதட்சணமாக. தருண், "யாராச்சும் பெடலுக்கு அடியில எலுமிச்சம்பழம் வெப்பாங்களா நைனா?" என்று தலையில் அடித்துக்கொண்டான். புது வண்டிக்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பார்கள் என்று நான் கேட்டேன். அந்த ஒரு விஷயத்தில் நான் சாந்தி பக்கம்தான். பிறகு அவள் அதைக் கழற்றி, நம் கடையில் பித்தளை விளக்குக்குப் போடும் எண்ணெயைவிட்டுச் சரிசெய்தாள்.

இன்னொரு நாள் நான் காபி எடுத்துக்கொண்டு மேலே போகிறேன், சத்தம் சட்டென்று நின்றது, உங்கள் தங்கை, "கீழ! கீழ!" என்று கத்தினாள். நான் என்னவோ ஏதோ என்று டம்ளரோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன், காபி வேட்டியில். விஷயம் என்னவென்றால் நடு வானத்தில் என்ஜின் நின்றுபோனால் எப்படி இறங்குவது என்று அவளே என்ஜினை நிறுத்திப் பழகிக்கொண்டிருந்தாளாம், லீவரை உடனே கீழே தள்ள வேண்டுமாம், கத்தியது லீவரைப் பார்த்தாம். கரண்ட் போனாலும் கவலையில்லை என்று இன்வெர்ட்டர் லைனை அந்த அறைக்குத் திருப்பியாயிற்று. சித்திரை வெயிலில், கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், நான் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் புழுங்கிக்கொண்டு படுத்திருக்கிறேன். வீட்டில் எல்லா விசிறியும் நின்றுவிட்டது, ஹெலிகாப்டரின் விசிறி மட்டும் மாடியில் சுற்றிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் அவள் எங்கே போகிறாள் என்று பின்னால் நின்று பார்த்தேன். வேறு எங்கும் இல்லை, செஞ்சிக்கு மேலேதான். ராஜகிரியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். இந்த மலைக்குக் கீழேயே குடும்பம் நடத்துகிறோம், காலையில் வாசல் தெளிக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான், அவள் ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை. வந்த புதிதில் தருண் வயிற்றில், பிறகு கடை, பிறகு அம்மாவின் படுக்கை, இப்போது முழங்கால். டாக்டர் மாடிப்படியையே குறைக்கச் சொல்லியிருக்கிறார். "மேல இருந்து பாத்தா நம்ம வூடு எப்டி இருக்கும்னு பாக்கணும்னு ஒரு ஆசைங்க. ஆனா இதுல சரியா இல்ல. மேல ரங்கநாதர் கோயிலே காணோம். வெயில்ல வெச்ச வெல்லம் மாதிரி மலை உருகிக் கெடக்குது" என்றாள். திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். நான் கீழே வந்து அவள் வைத்த ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

வினை எங்கிருந்து வந்தது என்றால் பக்கத்து வீட்டு மணிமொழியிடமிருந்து. சுவருக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் ஹெலிகாப்டர் சத்தம், நடுநடுவே சாந்தியின் குரலில், "செஞ்சி டிராஃபிக், செஞ்சி டிராஃபிக், வடக்கால இருந்து வரேன்" என்று அறிவிப்பு. அந்த அம்மாள் கோயில் கூழ் வரிசையில் நின்று, "எங்க பக்கத்து வூட்டக்கா ஹெலிகாப்டர் ஓட்டுது" என்று சொல்லிவிட்டாள். இப்போது நம் பக்கத்து வயல்களில் பெண்கள் ட்ரோன் ஓட்டி மருந்தடிக்கிறார்கள் அல்லவா, வரப்பில் நின்று விரலை அசைத்தால் அங்கே பறக்கிறது. அதேபோல் இவள் மாடியில் உட்கார்ந்து ஓட்டினால் எங்கேயோ ஒரு ஹெலிகாப்டர் நிஜமாகப் பறக்கிறது என்று ஊர் முடிவு செய்துகொண்டது. கடைக்குக் குடம் வாங்க வந்த ஒருவர், "அம்மா ராணுவத்துக்கா ஓட்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் இல்லை என்று சொன்ன விதத்தில் அவருக்கு ஆமாம் என்று உறுதியாகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை காலை, திருப்பணிக் கமிட்டித் தலைவர் வீரமணி இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். கையில் தாம்பூலத் தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள், எல்லாம் முறையாக. நம் கடையிலிருந்து கோபுரக் கலசத்துக்கு ஏதாவது கேட்பார்கள், கொடுக்கத்தானே போகிறோம் என்று நான் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு வாங்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா மச்சான்? தாம்பூலம் கொண்டுவந்தவர்களைப் பார்த்து விவரம் கேட்பது மரியாதையா? வாங்கிய பிறகுதான் வீரமணி வாயைத் திறந்தார். "கும்பாபிசேகத்தன்னைக்கு கோபுரத்துக்கு மேல ஹெலிகாப்டர்ல இருந்து பூ தூவறதா முடிவு பண்ணிக்கீறோம். அது நம்ம சாந்தியம்மா கையால நடக்கணும்." தட்டு ஒரு பக்கம் சாய்ந்து ஒரு பாக்கு உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுப்பது என்பது நம் வம்சத்தில் கிடையாது. இதைச் சாமியிடம் வைத்துவிட்டு வருகிறேன் என்று தட்டோடு பூஜை அறைக்குள் போய்விட்டேன், அங்கே சாமி படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தச் சாமியும் எனக்கு வழி சொல்லவில்லை. வெளியே பேச்சு நீண்டுகொண்டே போனது, சிரிப்புக்கூடக் கேட்டது. திரும்பி வந்தபோது அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் தங்கை, இது கம்ப்யூட்டரில் ஓட்டுவது, நிஜமாகப் பறக்காது என்று சொல்லியிருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ வாசல்வரை போய், "காத்து எப்டி இருக்கும்னு பாத்துட்டு சொல்றேன் அண்ணே" என்று வழியனுப்புகிறாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நடப்பது ஒரே பயிற்சி. திரையில் நம் கோயில் தெரு இருக்கிற இடத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறாள், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறாள். "உதிரிப்பூ ஆவாதுங்க, ரெக்கைக் காத்து அத்தனையும் தள்ளிக்கினு பஜாருக்குப் போயிடும். கொஞ்சம் முன்னாடியே தூவணும்" என்கிறாள். நான் கேட்க நினைத்த கேள்வி ஒன்றுதான். அந்த ஹெலிகாப்டர் மாடி அறைக்குள் இருக்கிறது, அதை எப்படியம்மா கோபுரத்துக்கு மேலே கொண்டுபோவாய்? கேட்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்தது. தருண் பிறந்தபோது பார்த்தது, அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். நான் கேட்டு அது அணைந்துபோவதைவிட நீங்கள் படுக்கையில் விழுவது மேல் என்று தோன்றியது.

நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் பெரிய பேனர். 'ஹெலிகாப்டரில் மலர் தூவுபவர் திருமதி சாந்தி' என்று போட்டு, ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். கீழ்ப்பாதியை இளநீர் வண்டி மறைத்திருந்தது. மேல்பாதியைப் பார்த்ததே எனக்குப் போதும் என்று வந்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்களெல்லாம், "அண்ணே, ஹெலிகாப்டர் எங்க எறங்கும்?" என்கிறார்கள். அதெல்லாம் கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துவிட்டது.

மச்சான், ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குப் பெரிதில்லை, கடைவீதியில் உட்கார்ந்திருப்பவன் எல்லாம் கேட்டுப் பழகியவன். அந்த ஞாயிற்றுக்கிழமை மொத்த ஊரும் கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், ஒன்றும் வராது, அப்புறம் எல்லாத் தலையும் சாந்தி பக்கம் திரும்பும். அதை என்னால் பார்க்க முடியாது. அவள் நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் உங்கள் இடுப்பைக் கேட்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

தங்கை ஜெயஸ்ரீக்கு என் அன்பு. வலி வரப்போவதை அவளிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடவும், பாவம் பயந்துவிடுவாள். வியாபாரம் பெருகி, இடுப்பு இப்போது இருப்பதுபோலவே உறுதியாக இருந்து, தாங்கள் நீடூழி வாழ மாரியம்மனை வேண்டும்,

தங்கள் மைத்துனன்,
பா. சொக்கலிங்கம்.

பின்குறிப்பு: தங்களுக்கு ஒன்றும் ஆக வேண்டாம். உறையில் உங்கள் பின்கோடு எழுத வேண்டி சாந்தியிடம் கேட்டேன். "எங்க அண்ணனுக்கா? குடுங்க, நானே எழுதறேன்" என்று உறையோடு கடிதத்தையும் வாங்கிக்கொண்டாள். அந்த ஹெலிகாப்டர் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தாள். சிரிக்கவே இல்லை. படித்துவிட்டு, "தாம்பூலத்த சாமி கிட்ட வெக்கறேன்னு உள்ள போனீங்களே, அப்பறம் வீரமணி அண்ணன் இன்னா சொன்னாருன்னு யாரையாச்சும் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். விஷயம் இதுதான். சென்னையில் கிரானைட் வியாபாரம் செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவர் தன் உபயமாக ஒரு ஹெலிகாப்டரை வாடகைக்கு அனுப்புகிறார். நிஜமானது. அதற்குப் பைலட்டும் உண்டு. பின்னால் உட்கார்ந்து பூ தூவக் கமிட்டியில் ஒருவருக்கும் தைரியம் இல்லை, வீரமணிக்கு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுமாம். வீட்டில் தினமும் ஓட்டிப் பழகியவர் பயப்பட மாட்டார் என்றுதான் இவளிடம் வந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஓட்டுவது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும், அவளே மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறாள். நான் பூஜை அறையில் இருந்தேன்.

"எல்லாம் தெரிஞ்சுதான் ஒரு வாரமா பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன். பயந்துக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்த பேனரை முழுசாகப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். போனேன். இளநீர்க்காரரிடம் சொல்லி வண்டியை நகர்த்தினால், கீழ்ப்பாதியில் என் படம். 'தம்பதி சமேதராய்' என்று போட்டிருக்கிறது. தாம்பூலத் தட்டைக் கையில் வாங்கியவர் கட்டாயம் ஏற வேண்டும், தம்பதியாகத்தான் தூவ வேண்டும் என்று குருக்கள் சொல்லிவிட்டாராம். நான் பரணில் ஏறி அண்டா எடுக்கவே ஆள் வைத்திருப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும்.

பூ தூவி முடித்ததும் ராஜகிரியை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவதாகப் பைலட் ஒத்துக்கொண்டிருக்கிறார். பிரதட்சணமாகத்தான். ரங்கநாதர் கோயில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து நம் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டுமாம். என்ஜின் நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "கீழன்னு கத்துவேன், நீங்க பாட்டுக்கு உக்காந்துடாதீங்க" என்றாள். அப்போதுதான் சிரித்தாள்.

ஆகவே தாங்கள் இடுப்போடு, குடும்பத்தோடு, சனிக்கிழமையே வந்துவிடவும். ஞாயிறு காலை நம் வீட்டு மாடிக்குப் போய், ஜெயஸ்ரீயின் பழைய சிவப்புப் புடவை ஒன்றைக் கொடிக் கயிற்றில் கட்டி நன்றாக ஆட்டுங்கள். சாந்தி மேலேயிருந்து வீட்டைத் தேடுவாள், அவள் சீக்கிரம் கண்டுபிடித்தால் நான் சீக்கிரம் இறங்கலாம். புடவை பெரியதாக இருக்கட்டும். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறவனுக்கும் தெரிய வேண்டும்.